பிரதான வீதியை மேட்டிலிருந்து இறங்கிப் பாருங்கள்: புறக்கோட்டை நடைக்கான கைக்குறிப்பு

கொழும்புத் தமிழருக்குப் புறக்கோட்டை என்பது பெரும்பாலும் ஒரு சாமான் பட்டியல்தான். கலியாணச் சேலை, பள்ளிக்கூடப் பை, தீபாவளிக்குத் துணி, கடைக்கு அரை மூடை சீனி. வாங்கி முடித்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் "ஒருக்கால் பெட்டாவைச் சுற்றிப் பார்க்கவேணும்" என்று கேட்டால்தான் பிரச்சினை. எங்கே தொடங்குவது, எதைக் காட்டுவது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, கூட்டம் தள்ளிய பக்கம் போய், அரை மணித்தியாலத்தில் தலையிடியோடு திரும்புவதுதான் வழக்கமாக நடப்பது.

பிழை புறப்படும் இடத்தில் இருக்கிறது. ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதிதான் புறக்கோட்டையிலேயே நெரிசலான, பழைமை மிகக் குறைவாகத் தெரியும் பகுதி. அங்கிருந்து தொடங்கினால் வீதியின் முகம் தெரியாது; முதுகுகள்தான் தெரியும். மறுமுனையில், வுல்வெண்டால் மேட்டில் தொடங்கி மேற்கே இறங்குங்கள். காரணங்கள் மூன்று. மேட்டிலிருந்து இறங்குவதால் கால் களைக்காது. காலை வெயில் முதுகுப் பக்கம் இருப்பதால் கண் கூசாமல் கட்டட முகப்புகளைப் பார்க்கலாம். வாங்கிய சாமான் கையில் கனக்கத் தொடங்கும்போது ரயிலும் பஸ்ஸும் கிட்டவே இருக்கும். பிரதான வீதியின் நீளம் ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. இருந்தாலும் பக்கத் தெருக்களையும் சேர்த்தால் நான்கு மணித்தியாலம் ஒதுக்கவேண்டும்.

எந்த நாள், எத்தனை மணி

கடைகள் ஒன்பது, ஒன்பதரைக்கு முழுதாகத் திறந்துவிடும். எட்டரைக்கு மேட்டில் நின்றால் கணக்குச் சரி. புதன், வியாழன் நல்ல நாட்கள். செவ்வாயில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு வரும் கூட்டத்தால் செட்டியார் தெருவின் வடமுனை நிரம்பிவிடும். வெள்ளியில் ஜும்ஆ தொழுகை நேரம், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை, பாதிக் கடைகள் கதவை இறக்கிவிடும். பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களில் நடக்கவும் இடமிருக்காது. வெள்ளிதான் வசதி என்றால் பதினொன்றரைக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு விசித்திரமான நாள். பெரிய கடைகள் பூட்டிக் கிடக்க, அவற்றின் வாசலிலேயே நடைபாதை வியாபாரிகள் கடை விரிப்பார்கள். லொறித் தொல்லை இல்லாததால் கட்டடம் பார்க்க இதைவிட நல்ல நாள் இல்லை. ஆனால் ஒல்லாந்தர் அருங்காட்சியகம் ஞாயிறும் திங்களும் பூட்டு. இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது. எது முக்கியம் என்று முன்னரே முடிவெடுக்கவேண்டியதுதான். டிசம்பர் பின்னேரங்களிலும் தீபாவளி, பெருநாள் முந்திய வாரங்களிலும் பார்க்கவென்று போகாதீர்கள். சித்திரைப் புத்தாண்டு முடிந்த சில நாட்கள் இதற்கு நேர்மாறு. மூட்டை தூக்கும் நாட்டாமிகளும் கடைப் பெடியன்களும் ஊருக்குப் போயிருப்பதால் வீதி காற்றோட்டமாக இருக்கும், ஆனால் வாங்க ஒன்றும் இராது.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை தவறாமல் வரும். வடிகான் நிரம்பினால் குறுக்குத் தெருக்களில் கணுக்கால் அளவுக்குக் கறுத்த தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களில் இரண்டு மணிக்குள் வெளியேறுவது புத்தி.

காலில் முன்பக்கம் மூடிய சப்பாத்து கட்டாயம். செருப்போடு போனவர்களின் விரல்தான் கைவண்டிச் சில்லில் மாட்டுகிறது. காசில் நூறு, ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் வேண்டும். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் நடைபாதைக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பணப்பை முன்சட்டைப் பையில், முதுகுப் பை நெஞ்சுப் பக்கம். பஸ் நிலையத்தைச் சுற்றித்தான் கைவரிசை அதிகம். உள்ளே கடைத்தெருவில் ஒப்பீட்டளவில் குறைவு. சொந்த வாகனத்தைக் கொண்டுபோகவே வேண்டாம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்திலிருந்து 100, 101 இலக்க பஸ்கள் புறக்கோட்டைக்கு வரும். கரையோர ரயிலில் வந்தால் இன்னும் விரைவு. அங்கிருந்து ஓட்டோவில் மேட்டுக்கு. "வுல்வெண்டால் வீதி, பழைய டச்சுப் பள்ளி" என்றால் எந்த ஓட்டோக்காரருக்கும் விளங்கும்; பள்ளி என்பது இங்கே ஒல்லாந்தர் தேவாலயம். மீற்றர் போடச் சொல்லியோ பிக்மீ என்ற கைத்தொலைபேசிச் செயலியில் பிடித்தோ போங்கள். நிலைய வாசலில், "இன்றைக்கு மட்டும் ஒரு கோவிலில் யானைத் திருவிழா, பார்த்துவிட்டுப் போகலாம்" என்று யாராவது அன்பாகக் கதைத்தால் அது வெளிநாட்டு முகத்துக்கு விரித்த வலை. சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய் ஒரு மாணிக்கக் கடையில்தான் இறக்குவார்.

மேடு

வுல்வெண்டால் தேவாலயத்தை ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் திறந்தார்கள். சிலுவை வடிவத் தளம், ஏறக்குறைய ஐந்தடி தடிப்பான சுவர். உள்ளே போனதும் வெக்கை சட்டென்று குறையும். அந்தச் சுவரின் வேலை அது. தரையில் பதித்த கல்லறைக் கற்களைப் பார்க்காமல் வராதீர்கள். அவற்றில் பல, கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813இல் இங்கே கொண்டுவரப்பட்டவை. கதவு பூட்டியிருந்தால் காவலாளியைக் கேளுங்கள். பெரும்பாலும் திறந்து காட்டுவார்கள். உண்டியலில் ஏதாவது போடுவது முறை.

பெயர்க் கதை சுவையானது. போர்த்துக்கேயர் காலத்தில் இங்கே குவாதலூப்பே மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் இருந்ததாம். அந்தப் பெயர் வாய்க்கு வாய் திரிந்து 'ஓநாயின் நீர்' என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லாகி, ஒல்லாந்தர் அதை 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' என்று மொழிபெயர்த்து 'வுல்வெண்டால்' ஆக்கினார்கள். இலங்கையில் ஓநாயே இல்லை, நரிதான்.

இறங்கினால் பத்து நிமிடத்துக்குள் கெய்மன் வாயில். முற்காலத்தில் நகர மதிலின் கிழக்கு வாசல் இங்கே இருந்தது. 'கெய்மன்' ஒல்லாந்தர் மொழியில் முதலை. பேரை ஏரிப் பக்கத்திலிருந்து முதலைகள் மதிலோரம் இரை தேடி வந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். மதிலும் இல்லை, முதலையும் இல்லை. தனியாக நிற்கும் ஒரு மணிக் கோபுரம் மட்டும் மிச்சம். அதிலுள்ள மணி கோட்டே இராசதானியிலிருந்த போர்த்துக்கேயத் தேவாலயத்துடையது என்று சொல்லப்படுகிறது. பஸ்ஸும் லொறியும் உரசிக்கொண்டு போகும் இடத்தில் நிற்பதால் பலர் கவனிக்காமலேயே கடந்துபோய்விடுவார்கள். படம் எடுக்க வீதியில் இறங்காதீர்கள்.

பக்கத்தில் பழைய நகர மண்டபம், 1873இல் கட்டியது. கொழும்பு மாநகர சபை 1928இல் கறுவாத் தோட்டப் பக்கத்திலுள்ள வெள்ளை மண்டபத்துக்குப் போகுமுன் இதுதான் நகரத்தின் தலைமையகம். மாடியில் பழைய சபைக் கூட்டத்தை அப்படியே உருவப் பொம்மைகளால் அமைத்து வைத்திருக்கிறார்கள். கோட்டுப் போட்ட கனவான்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். தூசியும் மங்கலான வெளிச்சமுமாக, கொஞ்சம் பேய்வீடு மாதிரித்தான். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். கீழே பழைய வீதி உருளை இயந்திரம் போன்ற மாநகர சபைச் சாமான்கள். ஒட்டியுள்ள சந்தைக் கட்டடத்தின் வார்ப்பிரும்புத் தூண்களையும் நின்று பாருங்கள்.

செட்டியார் தெரு

நகர மண்டபத்தருகே வடக்கே திரும்பினால் செட்டியார் தெரு. ஆங்கிலப் பலகையில் 'ஸீ ஸ்ட்ரீட்' என்றிருக்கும். அப்படிச் சொல்லி வழி கேட்டால் தமிழ்க் கடைக்காரரே ஒரு கணம் யோசிப்பார். நகைக்கடை, அதன் பக்கத்தில் நகைக்கடை, இடையில் கோவில். முத்து விநாயகர் கோவிலும் பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோவில்களும் இந்தத் தெருவில்தான். ஆடிவேல் காலத்தில் வேல் தேர் இங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். உச்சிப் பூசை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள். பிறகு பின்னேரம்தான். ஆகவே கோவில் முதலில், கடை பிறகு.

தங்கம் வாங்கும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கு கைவசம் வேண்டும். இலங்கையில் ஒரு பவுண் 8 கிராம். பலகையில் எழுதியிருக்கும் பவுண் விலை 24 கரட்டா 22 கரட்டா என்று முதலில் கேளுங்கள். 22 கரட் என்பது 24இல் 22 பங்கு, அதாவது 91.6 வீதம் தூய்மை. நகையில் '916' என்று பொறித்திருப்பது அதைத்தான். ஒரு கடை 24இன் விலையையும் அடுத்த கடை 22இன் விலையையும் சொல்ல, "இவன் மலிவு" என்று ஏமாறுகிறவர்கள் நிறைய.

அடுத்தது செய்கூலியும் சேதாரமும். சிலர் பவுணுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார்கள், சிலர் வீதக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கடையில் 8 கிராம் சங்கிலிக்குச் சேதாரம் 8 வீதம் என்றால் நீங்கள் 8.64 கிராமுக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் செய்கூலி தனி. ஆகவே ஒவ்வொரு கடையிலும் "எல்லாம் சேர்த்துக் கைக்கு வர எவ்வளவு?" என்று கேட்டு, அந்த ஒற்றை எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். கல் வைத்த நகை என்றால் கல்லின் நிறையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போடவேண்டும். இதைக் கேட்காவிட்டால் பலர் தாமாகச் சொல்லமாட்டார்கள். பில்லில் நிறை, கரட், கல் நிறை, செய்கூலி நான்கும் தனித்தனியாக எழுதியிருக்கவேண்டும். "பில் இல்லாமல் என்றால் கொஞ்சம் குறைக்கலாம்" என்ற சலுகை, பிறகு அதே நகையை மாற்றப் போகும்போது இரட்டிப்பாகத் திரும்பிக் கடிக்கும். பழைய நகையைக் கொடுத்து மாற்றும்போது ஒட்டுப் போட்ட இடங்களால் தூய்மை குறைவாகக் காட்டும். கழிவு எவ்வளவு என்பதை உரைத்துப் பார்க்குமுன் பேசாதீர்கள். உரைத்த பிறகு, உங்கள் கண் முன்னே நிறுத்த பிறகு பேசுங்கள்.

தெருவின் முடிவிலிருந்து இன்னும் கொஞ்சம் வடக்கே நடந்தால் கொச்சிக்கடை. அந்தோனியார் தேவாலயம் 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் சிதைந்து, இரண்டு மாதத்துக்குள் மீண்டும் திறக்கப்பட்டது. சற்றுத் தள்ளிப் பொன்னம்பலவாணேசர் கோவில். பொன்னம்பல முதலியார் கட்டியதை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். வெளிச்சம் குறைந்த அந்தக் கல் மண்டபத்தின் குளிர்மைக்காகவே போகலாம். ஆனால் இதையும் சேர்த்தால் நடை ஒரு மணித்தியாலம் கூடும். கால்வலிக்காரர் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஐந்திலிருந்து ஒன்றுக்கு

இனிப் பிரதான வீதி. பெயர் விளக்கம் ஒன்று மட்டும்: 'பேட்டை' என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலேயர் 'பெட்டா' ஆக்கினார்கள், கோட்டைக்குப் புறத்தே இருப்பதால் தமிழில் புறக்கோட்டை. 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் இந்தப் பகுதியை நேர்கோட்டுத் தெருக்களாக வகுத்துக் குடியிருந்தார்கள். இங்குள்ள கெய்சர் வீதியின் கெய்சர் என்றால் அவர்கள் மொழியில் பேரரசர், பிரின்ஸ் வீதியின் பிரின்ஸ் என்றால் இளவரசர்; இன்று பேரரசர் தெருவில் மூட்டை இறக்குகிறார்கள். தெரு வகுப்பு நேராக இருப்பதால் வழி தவறுவது கடினம். குறுக்குத் தெருக்கள் கிழக்கிலிருந்து ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கிக்கொண்டே வரும். எண் குறையக் குறைய ரயில் நிலையம் கிட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண் எங்கே போகவேண்டும் என்பது அடுத்த பாடம். நிலமட்டத்தில் எல்லாக் கடையும் ஒன்றுபோல் பிளாஸ்டிக் பலகையும் தொங்கும் துணியுமாகத்தான் இருக்கும். பலகைக்கு மேலே, இரண்டாம் மாடியைப் பாருங்கள். வளைந்த யன்னல், சுண்ணாம்புப் பூவேலை, சில இடங்களில் கட்டிய ஆண்டு, முதலாளியின் பெயரெழுத்து எல்லாம் அங்கேதான் மிச்சமிருக்கின்றன. ஆனால் நடந்துகொண்டே மேலே பார்க்கக்கூடாது. ஒரு கடைப் படியில் ஏறி, நின்று, பார்த்து, பிறகு நடக்கவேண்டும்.

ஏனென்றால் நாட்டாமிகள். மூட்டை தூக்குவோரையும் கைவண்டி இழுப்போரையும் இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பத்து மூடை ஏற்றிய வண்டி ஓட்டத்தில் வரும்போது அதை நிறுத்த அவர்களால் முடியாது, விலகவேண்டியது நீங்கள்தான். பின்னாலிருந்து சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்க நேரம் எடுக்காமல் கடைப்பக்கமாக ஒட்டிக்கொள்ளுங்கள். நடு வீதிப் பக்கம் விலகினால் எதிரே வரும் ஓட்டோவுக்குள்தான் போவீர்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் நல்ல பழக்கமல்ல. சுமையோடு நிற்பவருக்குச் சிரித்து நிற்க நேரமில்லை.

ஐந்தாம் குறுக்குத் தெருவை ஒட்டிய காபோஸ் ஒழுங்கை முழுக்க நாட்டு மருந்துச் சரக்கு. தெருவுக்குள் கால் வைக்குமுன் மணம் வந்துவிடும். இங்கே சிக்கல் பெயரில்தான். பல கடைகளில் சரக்கின் சிங்களப் பெயர்தான் புழக்கம். வெனிவல் என்றால் மரமஞ்சள், இரமுசு என்றால் நன்னாரி, பெலிமல் என்றால் வில்வப்பூ, பத்படகம் என்றால் பற்படாகம். தூளாக வாங்காமல் முழுச் சரக்காக வாங்கி வீட்டில் இடியுங்கள். தூளில் என்ன கலந்தது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. மரமஞ்சள் துண்டு உள்வெட்டிலும் மஞ்சளாக இருக்கவேண்டும். மேலே மட்டும் மஞ்சள் என்றால் சாயம்.

வெளிநாட்டுக்குக் கொடுத்தனுப்பக் கறுவா வாங்குகிறவர்கள் சுருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் நாட்டுக் கறுவா மெல்லிய தோல்கள் பல அடுக்காகச் சுருண்டு, சுருட்டுப் போல உள்ளே நிரம்பியிருக்கும், விரலால் நசுக்கினால் நொறுங்கும். தடித்த ஒற்றைப் பட்டை, உள்ளே வெறும் துளை என்றால் அது வேறு இனம். தரங்களில் அல்பா என்பதுதான் மிக மெல்லிய சுருள், விலையும் அதற்குத்தான் அதிகம். சமையலுக்கு ஸீ-4, ஸீ-5 தரமே தாராளம். அல்பா பார்வைக்குத்தான்.

நான்காம் குறுக்குத் தெரு சீனி, பருப்பு, செத்தல் மிளகாய், வெங்காயம் என்று மொத்த வியாபாரம். வேடிக்கை பார்க்க நல்ல இடம், நிற்க மோசமான இடம். சில கணக்கப்பிள்ளைமார் வாயில் இன்னும் 'அந்தர்' வரும்; ஒரு அந்தர் 112 இறாத்தல், கிலோவில் ஏறக்குறைய 50.8. வீட்டுத் தேவைக்கு மூடையாக வாங்குவதென்றால் சாக்கின் நிறை கழிக்கப்பட்டதா என்று கேளுங்கள். செத்தல் மிளகாயில் மேல் அடுக்கைப் பார்த்து ஏமாறக்கூடாது. முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். காய்ந்தது விதை கலகலக்கும். ஈரமானது மௌனமாக இருக்கும், நிறையையும் கூட்டும். மரக்கறிக்கும் பழத்துக்கும் இங்கே தேடி அலையவேண்டாம். மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போய் வருடங்களாகிவிட்டன. பழைய ஞாபகத்தில் பை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் உண்டு.

மூன்றாம் குறுக்குத் தெருவும் பிரதான வீதியும் துணி. இங்கேதான் நம் ஆட்கள் அதிக காசு விடுவதும். முதல் கேள்வி விலை அல்ல, அளவு: "யாரா, மீற்றரா?" ஒரு யார் 91.44 சென்ரிமீற்றர்தான். மீற்றர் விலை என்று நினைத்துப் பத்து யார் வாங்கினால் 86 சென்ரிமீற்றர் குறையும். திரைச்சீலையில் ஒரு யன்னல் மொட்டையாகிவிடும். இரண்டாவது அகலம். 36 அங்குலமா, 45ஆ, 58ஆ என்பதைப் பொறுத்து வேண்டிய நீளம் பாதியாகவும் குறையலாம். பனியன் துணி போல இழுபடும் துணியை அளக்கும்போது கடைப் பெடியன் கை துணியை இழுக்கிறதா, மேசையில் படுக்கவைத்து அளக்கிறதா என்று பாருங்கள். பருத்தி முதல் கழுவலில் சுருங்கும். மீற்றருக்கு ஐந்து சென்ரிமீற்றர் கூட எடுங்கள். சேலைக்கு ஐந்தரை மீற்றர், ரவிக்கைத் துண்டு வேறு. விரித்து முழுநீளமும் பார்த்த பிறகே பில் போடச் சொல்லுங்கள். நடுவில் உள்ள நெசவுப் பிழை மடிப்பில் தெரியாது, வெட்டிய துணியை யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

பேரம் பேசுவதில் ஒரு மரியாதை உண்டு. முஸ்லிம் முதலாளியை "நானா" என்றும் தமிழ்க் கடையில் "அண்ணை" என்றும் அழைத்தால் பேச்சே இலகுவாகும். முஸ்லிம் அக்காவை "தாத்தா" என்பது வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவர் இதைக் கேட்டுத் திகைப்பதும் வழக்கம். பலகையில் 'ஒரே விலை' என்றிருந்தால் பேசாதீர்கள். மற்ற இடங்களில் "ஒன்று எவ்வளவு, ஆறு எவ்வளவு, டசின் எவ்வளவு" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேளுங்கள். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள இடைவெளி அப்போதுதான் தெரியும். டசினில் நிறம் கலந்து எடுக்கலாமா என்று கேட்க மறக்காதீர்கள். இரண்டு குடும்பம் சேர்ந்து வாங்கினால் அதுவே பெரிய இலாபம். மூன்று கடை கேட்காமல் முதல் கடையில் வாங்கவேண்டாம், மூன்றுக்கு மேல் கேட்டு அலையவும் வேண்டாம். அதற்குமேல் குறைவது பத்து ரூபாய், போவது ஒரு மணித்தியாலம். "கடைசி விலை சொல்லுங்கோ" என்று கேட்டு, அவர் அந்த விலைக்கு இறங்கிய பின் வாங்காமல் நடையைக் கட்டுவது மட்டும் கூடாது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளி. ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல் என்பது முழுப்பெயர், பழையவர்கள் வாயில் சம்மாங்கோட்டுப் பள்ளி. தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908இல் தொடங்கி 1909இல் முடித்தது. வடிவமைத்த சைபோ லெப்பை முறையாகக் கட்டடக் கலை படித்தவரல்லர் என்பார்கள். சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல் வரிசைகள், மாதுளம்பழம் போன்ற குமிழ்கள். தொழுகை நேரம் தவிர்ந்த வேளையில் வாசலில் அனுமதி கேட்டு உள்ளே போகலாம். கால், தோள் மூடிய உடை. பெண்களுக்குத் தலைக்கும் மறைப்பு. தெரு ஒடுங்கியது என்பதால் முழுக் கட்டடமும் ஒரு படத்தில் அடங்காது. கூரைகளின் நிழல் விழாமல் எடுக்க உச்சிவெயிலுக்கு முந்திய அரை மணித்தியாலம்தான் சரி. பக்கத்து பேங்ஷால் வீதியின் பெயர் நம் 'பண்டகசாலை'யோடு உறவுள்ளது. துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த சரக்கறைகளின் நினைவு. துறைமுக வாயில் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள், காவலில் நிற்பவர் கூப்பிடுவார்.

பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகத்துக்கு இங்கிருந்து தெற்கே ஐந்து நிமிடம். 1692 முதல் 1697 வரை தேசாதிபதியாக இருந்த தோமஸ் வான் ரீ வாழ்ந்த வீடு அது. பிறகு வைத்தியசாலை, தபால் நிலையம் என்று பல வேடம் போட்டு, 1982இல் அருங்காட்சியகமானது. உள்முற்றமும் கிணறும் பெரிய தூண்களும் மனதில் நிற்கும். வெளியே அத்தனை இரைச்சல், உள்ளே காகச் சத்தம் மட்டும். திருத்த வேலைக்காக நீண்ட காலம் மூடிக்கிடந்த சந்தர்ப்பங்களும் உண்டு. வாசல் வரை போகுமுன் பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாம் குறுக்குத் தெரு மின்சாமான், கைத்தொலைபேசி. தொலைபேசி வாங்கினால் கடையிலேயே நட்சத்திரக்குறி, ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தி வரும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை, 'ஐ.எம்.ஈ.ஐ.' என்ற ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு எண் என்று தட்டி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதிவான சாதனமா என்று பதில் வரும். பெட்டியிலுள்ள எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். மின்சாமானில் முள் 13 அம்பியர் சதுர முள்ளா என்று பாருங்கள். வட்ட முள்ளுக்கு இடைமாற்றி போட்டு ஸ்திரிக்கைப் பெட்டி, கேத்தல் ஓட்டுவதுதான் பல வீடுகளில் சுவிட்ச் கருகக் காரணம். வரண்டி அட்டையில் திகதியும் கடை முத்திரையும் இல்லாவிட்டால் அது வெறும் கடதாசி. பிரச்சினை முற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். பில் கையில் இருந்தால்தான் அதிலும் பயன்.

பிரதான வீதி முடியும் இடத்தில் கான் மணிக்கூட்டுக் கோபுரம். பம்பாயிலிருந்து வந்த பார்ஸிக் குடும்பமொன்று தங்கள் தந்தையின் நினைவாக நிறுவி 1923இல் திறந்தது. வீதி வட்டத்தின் நடுவே நிற்பதால் கிட்டப் போவதை விட, வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது நல்லது. முழுப் பிரதான வீதியும் ஒரே பார்வையில் அடங்கும் இடம் அதுதான்.

சுமை கூடிவிட்டால் நாட்டாமி ஒருவரை ரயில் நிலையம் வரை பேசிக்கொள்ளலாம். கூலியை மூட்டை தலையில் ஏறுமுன் பேசி, அவரை முன்னே விட்டு நீங்கள் பின்னே நடக்கவேண்டும். ஃப்ரண்ட் வீதி வழியாகப் பத்து நிமிட நடை. கழிப்பறைத் தேவைக்கும் நிலையத்தை நம்புவதே மேல், இடையில் எங்கும் ஒழுங்கான இடம் கிடையாது. நாலு மணிக்குப் பிறகு கந்தோர் விட்ட கூட்டத்தில் பையோடு ரயில் ஏறுவது நடக்காத காரியம். மூன்று மணிக்கு முந்திய கரையோர வண்டியைப் பிடித்தால் வலப்பக்க யன்னலோரம் கிடைக்கக்கூடும். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல் அந்தப் பக்கம்தான்.